பேரிளம்பெண்ணுக்குப் பிறகு

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போனில் கூப்பிட்டு, "தம்பி, இருபது நிமிஷம் பேசணும், தலைப்பு உங்க இஷ்டம்" என்றார். நான் பெரிய கட்டடங்களின் ஏ.சி. பிளாண்ட்டில் வேலை பார்க்கிறவன். மின்சாரச் சிக்கனம் பற்றி ஏதாவது பேசுவேன் என்று நினைத்திருப்பார். "மாதவிடாய் நிற்கிற வயதில் பெண்களின் உடம்பும் மனசும் படுகிற பாடு" என்று தலைப்பைச் சொன்னதும் மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சரி, பேசுங்க. என் வீட்டுக்காரியையும் கூட்டிட்டு வாரேன்" என்றார். அழைத்தும் வந்திருக்கிறார். அந்தத் தாயாருக்கு என் தனி வணக்கம்.

என்ஜினீயருக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். வேலை இருக்கிறது, சொல்கிறேன். அதற்கு முன்னால் தமிழ் படித்தவர்களிடம் ஒரு கேள்வி. பெண்ணின் பருவங்கள் எத்தனை? ஏழு. பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண். உலா இலக்கியம் படித்தவர்களுக்கு மனப்பாடம். பேரிளம்பெண்ணுக்கு வயது எது வரை? நாற்பது வரை. அதற்கு மேல்? பெயரே இல்லை. நாற்பத்தொன்றாம் வயதில் காலடி வைக்கிற பெண்ணுக்கு அந்தக் கணக்கில் ஒரு சொல்கூட மிச்சம் வைக்கவில்லை.

நம் ஊர்ப்பக்கம் நடப்பதும் அப்படித்தான். ஒரு பிள்ளை வயதுக்கு வந்துவிட்டால் சடங்கு வீடு. பந்தல், ஒலிபெருக்கி, தாய்மாமன் சீர், இப்போது சாலை முழுக்க ஃபிளெக்ஸ் வேறு. உளுந்தங்களி கிண்டி, கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டு, "இடுப்பெலும்புக்கு நல்லது, சாப்பிடுட்டீ" என்று ஆச்சிமார் ஊட்டுவார்கள். அதே பெண்ணுக்கு முப்பது, முப்பத்தைந்து வருஷம் கழித்து அது நிற்கிறபோது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. எலும்புக்கு உளுந்து உண்மையாகவே தேவைப்படுகிற காலம் அதுதான். அப்போது களி கிண்ட ஆளில்லை. அவளே கிண்டினாலும் பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு மிச்சத்தைத்தான் வழித்துத் தின்பாள்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன்.

பெண் குழந்தை பிறக்கும்போதே அதன் சினைப்பைகளில் பத்து முதல் இருபது லட்சம் கருமுட்டைகள் இருக்கின்றன. வயதுக்கு வரும்போது மூன்று, நான்கு லட்சம்தான் மிச்சம். அதில் ஆயுள் முழுவதும் பக்குவப்பட்டு வெளியே வருபவை சுமார் நானூறு. மற்றவை தாமாகவே கரைந்துபோகும். இந்த முட்டைகளைச் சுற்றியிருக்கிற செல்கள்தாம் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. எவ்வளவு சுரக்க வேண்டும் என்று மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, எஃப்.எஸ்.எச். என்ற இன்னொரு ஹார்மோனை அனுப்பி உத்தரவு போடும். ஈஸ்ட்ரோஜன் போதுமான அளவு வந்ததும் உத்தரவு குறையும். எங்கள் கன்ட்ரோல் பேனலும் இதே மாதிரிதான் வேலை செய்கிறது. முட்டைகள் தீரத் தீர, கீழேயிருந்து பதில் சரியாக வருவதில்லை. மேலே இருக்கிறவர் இன்னும் பலமாக உத்தரவு போடுகிறார். ஒரு மாதம் ஈஸ்ட்ரோஜன் தேவைக்கு மேல் கொட்டும், அடுத்த மாதம் வற்றிவிடும். பலரும் நினைப்பதுபோல அது மெதுவாக, ஒழுங்காக இறங்குவதில்லை. பாபநாசத்திலிருந்து வருகிற ஆறு ஒரு வாரம் கரைபுரண்டு, மறுவாரம் மணல் தெரிகிற மாதிரிதான் இறங்கும். இந்த இடைக்காலம் பெரும்பாலும் நான்கைந்து வருஷம் நீடிக்கும், சிலருக்கு இன்னும் அதிகம். பன்னிரண்டு மாதம் தொடர்ந்து வராமலிருந்தால் நின்றுவிட்டது என்று கணக்கு. (அதுவரை கர்ப்பம் தரிக்கவும் வாய்ப்புண்டு. சிரிக்க வேண்டாம், விஷயம்தான் சொல்கிறேன்.) நம் நாட்டில் சராசரியாக 46, 47 வயதில் நிற்கிறது. மேலை நாடுகளில் 51.

அடுத்தது தெர்மோஸ்டாட். ஒரு ஹாலுக்கு 24 டிகிரி என்று வைத்தால், கால் டிகிரி கூடினாலே மெஷின் ஓடக்கூடாது. மேலும் கீழும் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். அந்த இடைவெளிக்கு எங்கள் தொழிலில் டெட்பேண்ட் என்று பெயர். அதைச் சுருக்கிவிட்டால் மெஷின் ஓயாமல் ஓடி ஓடி நிற்கும். மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி நம் உடம்பின் தெர்மோஸ்டாட். ஈஸ்ட்ரோஜன் குறையும்போது அங்குள்ள சில நரம்புச் செல்கள் அளவுக்கு மீறி வேலை செய்து, இந்த இடைவெளி சுருங்கிவிடுகிறது. உடம்புச் சூடு துளி ஏறினால் போதும், "தீப்பிடித்துவிட்டது" என்று மூளை அலாரம் அடிக்கும். தோலின் ரத்தக்குழாய்கள் விரியும், முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வேர்த்துக் கொட்டும். இரண்டு மூன்று நிமிஷத்தில் அடங்கிக் குளிரெடுக்கும். அந்த நரம்புச் செல்களை மட்டும் அடக்குகிற ஃபெசோலினெட்டன்ட் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் 2023இல் அனுமதி கொடுத்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று, இது என் தொழில் சமாச்சாரம் அல்லவா என்று எனக்குத் தோன்றியது.

என் தாயாருக்கு 2014இல் 47 வயது. மார்கழி மாதம், ஊரே போர்த்திக்கொண்டு தூங்குகிற நேரம், ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து முற்றத்தில் வந்து உட்கார்ந்திருப்பார்கள். "காத்தே இல்லியே, உள்ள வெந்து சாவுது" என்பார்கள். சேலை நனைந்திருக்கும். பகலில் சின்னச் சொல்லுக்கெல்லாம் கண்ணீர், இல்லாவிட்டால் கோபம். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோவது. முதலில் நெஞ்சு வலியோ என்று பயந்து ஈ.சி.ஜி. எடுத்தோம், நார்மல். (எடுத்தது சரிதான். அந்த வயதுக்கு மேல் பெண்களுக்கும் இருதய நோய் கூடுகிறது.) பிறகு கேஸ் மாத்திரை. பிறகு தூக்க மாத்திரை. சொந்தக்காரர் ஒருவர் குறி கேட்டு வரலாம் என்றார். கடைசியில் ஒரு தனியார் மருத்துவமனை. ஸ்கேனில் கர்ப்பப்பையில் சின்னதாக ஒரு நார்க்கட்டி தெரிந்தது. "பிள்ளை பெத்து முடிச்சாச்சு, இனி எதுக்கு வச்சுக்கிட்டிருக்கணும்? ஓவரியையும் சேர்த்து எடுத்துரலாம்" என்று தேதியே குறித்துவிட்டார்கள். அப்பா பணத்துக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள்.

நிறுத்தியது எங்கள் ஆச்சி. பள்ளிக்கூடம் பக்கமே போகாதவள். "ஏட்டி, ரத்தம் ரொம்பப் போவுதா?" "இல்லத்தே." "வயித்து வலி?" "அதும் இல்ல." "பொறவு எதுக்குட்டீ அத எடுக்கணும்?" அவ்வளவுதான். அதன் பிறகு அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு பெண் டாக்டரிடம் போனோம். அவர் கத்தியை எடுக்கவில்லை, கேள்விதான் கேட்டார். அரை மணி நேரம் கேட்டார். தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்தார், ஏனென்றால் தைராய்டு கோளாறும் இதே வேஷம் போட்டுக்கொண்டு வரும். பிறகு அப்பாவையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து விளக்கினார். குறைந்த அளவில் ஹார்மோன் மாத்திரை, ஆண்டுக்கொரு மார்பகப் பரிசோதனை, சாயங்கால நடை, ராத்திரிக் காபிக்குத் தடை. இரண்டு மாதத்தில் அம்மா தூங்க ஆரம்பித்தார்கள். மாதவிடாய் நின்ற பிறகு நார்க்கட்டி தானாகவே சுருங்கிவிட்டது. பொதுவாகவே அது அப்படிச் சுருங்கக்கூடியதுதான்.

எங்கள் வீட்டில் ஆச்சி இருந்தாள். எல்லா வீட்டிலும் இருப்பதில்லை. தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு (2019-21) என்ன சொல்கிறதென்றால், 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 3.3 பேர் கர்ப்பப்பையை எடுத்தவர்கள். அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு 35 வயதுக்குள்ளேயே எடுத்தாகிவிட்டது. மகாராஷ்டிரத்தில் பீட் மாவட்டத்துக் கரும்பு வெட்டும் பெண்கள் ஆயிரக்கணக்கில் எடுத்துக்கொண்ட கதை 2019இல் வெளிவந்து நாடே அதிர்ந்தது. மாதவிடாய் நாளில் வேலைக்கு வராவிட்டால் அபராதம், அதனால் எடுத்துவிட்டார்கள். தேவையில்லாத கர்ப்பப்பை அறுவைகளைத் தடுக்க மத்திய அரசு 2022இல் நெறிமுறை கொண்டுவந்தது. அதை மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் உத்தரவிட்டது.

கர்ப்பப்பையை எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. புற்றுநோய், எந்த மருந்துக்கும் அடங்காத ரத்தப்போக்கு என்றால் அறுவைதான் உயிரைக் காக்கும். ஆனால் ரத்தப்போக்குக்கு மாத்திரைகள் உண்டு. ஹார்மோன் கசிகிற சிறு கருவியைக் கர்ப்பப்பைக்குள் வைத்து வருஷக்கணக்கில் கட்டுப்படுத்தலாம். இதையெல்லாம் பார்த்தாகிவிட்டதா என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. முக்கியமாக, "ஓவரியையும் எடுக்கிறீர்களா, ஏன்?" என்று கேளுங்கள். இயற்கையில் நான்கைந்து வருஷத்தில் நடக்கிற மாற்றம், ஓவரியை எடுத்தால் ஒரே ராத்திரியில் நடந்துவிடும். முப்பத்தெட்டு வயதுப் பெண்ணுக்கு அப்படி நடந்தால் எலும்பு, இருதயம், ஞாபகசக்தி எல்லாவற்றுக்கும் பின்னால் விலை கொடுக்க வேண்டிவரும்.

முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கமிருந்து வந்தவர்கள் இந்த அரங்கில் நிறைய இருக்கிறீர்கள். நம்மில் பலர் அம்மா பீடி சுற்றிய காசில் பீஸ் கட்டிப் படித்தவர்கள். மடியில் தட்டை வைத்துக் குனிந்தபடி, வெயில் படாமல், நாள் முழுக்க உட்கார்ந்தே செய்கிற வேலை அது. மாதவிடாய் நிற்பதை ஒட்டிய ஐந்தாறு வருஷத்தில்தான் எலும்பு வேகமாகக் கரைகிறது. வெயிலும் நடையும் சுண்ணாம்புச் சத்தும் இல்லாத உடம்புக்கு அது இரட்டை அடி. ராத்திரித் தூக்கம் போனால் பகலில் விரல் ஓடாது, ஆயிரம் பீடி எண்ணூறாகும். சுற்றியதிலும் கொஞ்சத்தைக் கழித்துப் போடுவார்கள். "வயசாயிட்டு, கை ஓடல" என்று அவளே சொல்லிக்கொள்வாள். கேழ்வரகு, எள், முருங்கைக்கீரை, முள்ளோடு தின்கிற நெத்திலிக் கருவாடு, காலையில் கொஞ்சம் வெயில், கொஞ்சம் நடை. செலவு அதிகமில்லை. ஆனால் யாராவது பக்கத்தில் இருந்து சொல்ல வேண்டும்.

மனசைப் பற்றி ஒரு வார்த்தை. ஈஸ்ட்ரோஜன் ஏறி இறங்கும்போது மூளையில் மனநிலையைச் சமன்செய்கிற ரசாயனங்களும் ஆடுகின்றன. இந்த இடைக்காலத்தில் மனச்சோர்வு வருகிற வாய்ப்பு கூடுகிறது. முன்னாலேயே மனச்சோர்வு இருந்தவர்களுக்கு, பிரசவத்துக்குப் பின் வந்தவர்களுக்கு இன்னும் அதிகம். ஆனால் எல்லாவற்றையும் ஹார்மோன் தலையில் போடுவதும் சரியில்லை. அதே வயதில்தான் மகள் கல்யாணக் கடன், படுக்கையில் கிடக்கிற மாமியார், சென்னைக்கும் துபாய்க்கும் போய்விட்ட பிள்ளைகள். தூங்காத ஒரு ஆளிடம் இத்தனையையும் கொடுத்துவிட்டு, "ஏன் இப்படி எரிஞ்சு விழுத?" என்று கேட்கிறோம். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், சாப்பாடு இறங்காமல், "இருந்து என்ன" என்கிற பேச்சு வந்தால் அது குணம் அல்ல, நோய். மனநல மருத்துவரிடம் கூட்டிப் போக வேண்டும். மருந்து கேட்கும்.

ஹார்மோன் மாத்திரை என்றதும் புற்றுநோய் வரும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அந்தப் பயம் 2002இல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வைப் பாதியில் நிறுத்தியபோது பிறந்தது. கூட்டு ஹார்மோன் எடுத்தவர்களில் ஆண்டுக்குப் பத்தாயிரம் பேரில் 38 பேருக்கு மார்பகப் புற்று, எடுக்காதவர்களில் 30 பேருக்கு. அதில் கலந்துகொண்டவர்களின் சராசரி வயது 63 என்பதைப் பத்திரிகைகள் பெரிதாகப் போடவில்லை. அறுபது வயதுக்குள், அல்லது நின்று பத்து வருஷத்துக்குள், கடும் தொந்தரவு உள்ளவர்களுக்குத் தொடங்கினால் நன்மையே பெரும்பாலும் அதிகம் என்று பின்னால் வந்த அலசல்கள் காட்டின. ஆனால் மார்பகப் புற்று வந்தவர்கள், ரத்தக்குழாயில் கட்டி உறைந்தவர்கள், ஈரல் நோயுள்ளவர்கள் எடுக்கக்கூடாது. மெடிக்கல் கடையில் போய், "அக்காவுக்குக் கொடுத்ததையே கொடுங்க" என்று வாங்கக்கூடாது.

இன்னொன்று, இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். நின்று ஒரு வருஷம் கழித்து ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். பெரும்பாலும் பயப்படும்படி இருக்காது. ஆனால் கர்ப்பப்பை உட்சவ்வுப் புற்று முதலில் இப்படித்தான் தலைகாட்டும், அப்போதே பிடித்தால் குணமாக்கலாம். "மறுபடி வயசு திரும்புது" என்று வேடிக்கை பேசி நாளைக் கடத்தியவர்களை நான் அறிவேன்.

நம் சங்கம் நடத்துகிற மருத்துவ முகாமில் கண், பல், சர்க்கரை பார்க்கிறோம். நாற்பது தாண்டிய பெண்களுக்கென்று தனி மேசை ஒன்று போடலாம். திரை கட்டி, ஒரு பெண் டாக்டர், ரத்த அழுத்தக் கருவி, ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்க்க ரத்தம் எடுக்கிற ஒரு ஆள். என் செட் நண்பர்களிடம் பேசியிருக்கிறேன், பரிசோதனைச் செலவை எங்கள் செட் ஏற்றுக்கொள்கிறது. டாக்டருக்குப் படித்த தங்கை, மதினி உள்ளவர்கள் பந்தி முடிந்ததும் என்னைப் பாருங்கள். சனிக்கிழமை வேண்டாம், பீடிக் கணக்கு முடிக்கிற நாள் என்று அம்மா சொல்கிறார்கள். ஞாயிறாக இருக்கட்டும்.