கவசக் குரூசர்களை எப்படி மதிப்பிடுவது?



சென்னையில் கடற்போர் வரலாறு பேசக் கூடினால் 1914 செப்டம்பர் 22 தானாகவே நினைவுக்கு வரும். அன்றிரவு ஜெர்மன் கப்பல் எம்டன் நம் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது. அதே நாள் காலையில் டச்சுக் கரைக்கு அப்பால் அபூகிர், ஹோக், கிரெஸ்ஸி என்ற மூன்று பிரிட்டிஷ் கவசக் குரூசர்களை ஒரே ஜெர்மன் நீர்மூழ்கி ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் மூழ்கடித்தது. 1,400 பேருக்கு மேல் மாண்டார்கள். எம்டன் இலகு குரூசர்தான். ஆனால் அது பிரிந்து வந்த கிழக்காசியப் படையின் முதன்மைக் கப்பல்களான ஷார்ன்ஹோர்ஸ்ட்டும் க்னைஸனாவும் கவசக் குரூசர்கள். அவை நம் கருத்தரங்கின் பொருளுக்கு நேரே வந்துவிடுகின்றன.

இவ்வகைக் கப்பலைப் பணவிரயம் என்று ஒதுக்குவது இப்போது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. 1890களில் க்ருப் எஃகு வந்த பிறகு, மெல்லிய தகடே பழைய தடித்த தகட்டின் வேலையைச் செய்தது. ஆகவே 12,000 டன் கிரெஸ்ஸியின் பக்கங்களில் 6 அங்குலக் கவசம் பொருத்தியும் 21 நாட் வேகம் கிடைத்தது. வணிகப் பாதைகளைக் காக்கவும் எதிரியின் குரூசர்களைத் துரத்தவும் அன்றைக்கு இது நியாயமான கணக்கு. அடுத்து வந்த டிரேக் வகை 23 நாட் கேட்டது. அதற்காக 14,000 டன், 43 கொதிகலன்கள், ஏறத்தாழ 900 ஆட்கள். செலவு அங்கேதான் கைமீறியது.

மெய்யான குறை பீரங்கிகளின் இடத்தில் இருந்தது. டிரேக் வகையின் 6 அங்குலப் பீரங்கிகள் பக்கவாட்டில் இரண்டு அடுக்காக அமைந்தவை. கீழடுக்கு தண்ணீருக்கு மிக அருகில். பட்டியலில் பதினாறு என்று படிக்க நன்றாக இருக்கும். அலை எழுந்தால் பாதி பயன்படாது. 1914 நவம்பர் 1 அன்று சிலியின் கொரோனல் கடலில் அலை எழுந்தது. பிரிட்டிஷ் அட்மிரல் க்ரடாக்கின் டிரேக் வகைக் கப்பல் குட் ஹோப்பும், உடன் வந்த மான்மத்தும் அந்திச் செவ்வானத்தின் முன் தெளிவாகத் தெரிய, ஜெர்மன் கப்பல்கள் கரையோர இருட்டில் இருந்தன. ஷார்ன்ஹோர்ஸ்ட் வகையின் 21 செ.மீ. பீரங்கிகள் உயரமான தளத்தில் இருந்தன. சுட்டவர்களும் நெடுநாள் ஒன்றாகப் பயின்றவர்கள். பிரிட்டிஷ் கப்பல்களிலோ பெரும்பாலோர் போர் மூண்டதும் அழைக்கப்பட்ட ரிசர்வ் படையினர். இரு கப்பல்களிலும் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

முதலில் சொன்ன கிரெஸ்ஸி சகோதரிக் கப்பல்களின் கதை வேறு. 10 நாட் வேகத்தில், நேர்கோட்டில், துணைக்கு டெஸ்ட்ராயர் இல்லாமல் அவற்றை ரோந்துக்கு அனுப்பியவர்கள் யார் என்பதே அங்கே கேள்வி. பக்கவாட்டு நிலக்கரி அறைகளில் நீர் புகுந்து கப்பல் ஒருபுறம் சாய்ந்தது உண்மைதான். ஆனால் அதை மட்டும் சொல்லி நிறுத்தினால் அதிகாரிகள் தப்பித்துவிடுவார்கள்.

1905இல் சுஷிமாவில் ஜப்பானிய அட்மிரல் கமிமுராவின் கவசக் குரூசர்கள் பெரும் போர்க்கப்பல்களோடு ஒரே வரிசையில் நின்று வென்றன. அந்த வெற்றி பலரை மயக்கியது என்பது என் கருத்து. 1916இல் ஜட்லாந்தில் ஜெர்மன் பெருங்கப்பல்களின் சுடுதூரத்துக்குள் நுழைந்த பிரிட்டிஷ் கவசக் குரூசர் டிஃபென்ஸ் வெடித்துச் சிதறியது. அதற்கு முன்பே, கொரோனல் நடந்து 37 நாளில், ஃபாக்லாந்தில் கிழக்காசியப் படைத் தளபதி அட்மிரல் ஷ்பேயின் இரு கவசக் குரூசர்களையும் பிரிட்டிஷ் கப்பல்களான இன்வின்சிபிளும் இன்ஃப்ளெக்சிபிளும் மூழ்கடித்திருந்தன. அந்த இரண்டையுமே, 12 அங்குலப் பீரங்கி பூண்ட கவசக் குரூசர்கள் என்ற பெயரில்தான் முதலில் கட்டினார்கள்!

இத்தாலியின் லிவோர்னோவில் கட்டிய கிரேக்கக் கப்பல் அவெரோஃப் இந்த வரிசையில் விதிவிலக்கு. அதன் கனப் பீரங்கிகள் எல்லாம் சுழல் கோபுரங்களில் இருந்தன. 1912 டிசம்பரில் எல்லி முனையில் அட்மிரல் குந்தூரியோடிஸ் தன் மெதுவான கப்பல்களைப் பின்னே விட்டு, அதன் வேகத்தை நம்பித் தனியே பாய்ந்தார்; துருக்கியரின் பழைய கப்பல்கள் டார்டனெல்ஸுக்குள் திரும்பின.

கட்டுரை படிக்க இருப்போருக்கு ஒரு வேண்டுகோள். கவச அங்குலத்தையும் பீரங்கி எண்ணிக்கையையும் சொல்லும்போது, அன்றைய அலை, ஆட்களின் பயிற்சி, அருகில் நிலக்கரி கிடைத்த துறைமுகம் ஆகியவற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். வாய்ப்புள்ளவர்கள் ஏதென்ஸை அடுத்த ஃபலிரோவுக்குப் போய் அவெரோஃபில் ஏறிப் பாருங்கள். உலகில் மிஞ்சியிருக்கும் ஒரே கவசக் குரூசர் அதுதான்.

முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.