‘ஏய் தோட்டம்’ என்று கூப்பிடாதீர்கள்

அவைத்தலைவர் அவர்களே, பசறையிலிருந்தும் லுணுகலையிலிருந்தும் அப்புத்தளையிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் பெரியோர்களே, ஆசிரியர்களே, தாய்மார்களே,

2024 குடிசன மதிப்பீட்டில் ‘இந்தியத் தமிழர்’ என்பதோடு ‘மலையகத் தமிழர்’ என்ற பெயரும் சேர்ந்து பதிவானது. நடுவே ஒரு சாய்கோடு. அந்தக் கோட்டைத் தாண்டி வர நமக்கு நூறு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

1889இல் வெள்ளைக்காரன் நம் முன்னோருக்காகப் போட்ட சட்டத்தின் பெயரிலேயே ‘இந்தியக் கூலிகள்’ இருந்தார்கள். 1911 குடிசன மதிப்பீடு இலங்கைத் தமிழரைத் தனியாகவும் இந்தியத் தமிழரைத் தனியாகவும் எண்ணியது. 1927இல் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தபோது கூலி என்ற சொல் போய் ‘இந்தியத் தொழிலாளர்’ வந்தது. ஆனால் ‘இந்திய’ என்ற முத்திரை அழியவில்லை. ‘நீ அந்த ஊர்க்காரன்தானே’ என்ற அந்த எண்ணத்தில்தான் 1948இல் குடியுரிமை பறிபோனது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் 525,000 பேர் அங்கே, 300,000 பேர் இங்கே, மிச்சப் பேரைப் பிறகு பார்க்கலாம் என்று கையெழுத்துப் போட்டார்கள். போகிறாயா, இருக்கிறாயா என்று அந்த மக்களை யாரும் கேட்கவில்லை. இங்கேயே பிறந்தவனைக் ‘கள்ளத்தோணி’ என்று ஏசிய நாடு இது.

இத்தனைக்கும் நடுவில், அறுபதுகளில் இர. சிவலிங்கம் போன்ற ஆசிரியர்களும் படித்த இளைஞர்களும் ‘மலையகம்’ என்று சொல்லிச் சொல்லி, அதைத் தலைநிமிர்ந்து சொல்லும் பெயராக்கினார்கள். ‘இந்திய வம்சாவளி’ என்ற பெயரை விட மனமில்லாத பெரியவர்கள் இந்தச் சபையிலும் இருக்கிறீர்கள். இந்தியாவோடுள்ள உறவு அறுந்துவிடும் என்ற உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. என்னைக் கேட்டால், நாம் தேர்ந்துகொண்ட பெயர் மலையகத் தமிழர். அதுவே முன்னால் நிற்கட்டும்.

ஆனால் நான் இன்று பேச வந்தது வேறொன்று.

சம்பள நாளில் பதுளை பஜாருக்குப் போய்ப் பாருங்கள். கடை வாசலில் இரண்டு பெண்கள். ஒருவர் கைப்பையோடு வந்த டவுன்காரர். “வாங்க மிஸ், என்ன வேணும்?” அடுத்தவர் கொழுந்தெடுத்துக் கையெல்லாம் கறை ஏறிய அம்மா, ஐம்பது வயதிருக்கும். “ஏய் தோட்டம், தள்ளி நில்லு, என்னா வேணும் ஒனக்கு?” கூப்பிடுகிறவர் சிங்களவர் இல்லை. நம் தமிழ் பேசுகிறவர், அநேகமாகத் தோட்டத்திலிருந்து டவுனுக்கு இறங்கி ஒரு தலைமுறைதான் ஆகியிருக்கும். ‘தோட்டக்காட்டான்’ என்ற சொல்லை நம் மக்கள் அதிகம் கேட்டது தமிழ் வாயிலிருந்துதான். மரியாதையை ஒட்டப் பறிக்கும் ‘ஏய்’, ‘நீ’, ‘வா’, ‘போ’வைத் தடுக்க எந்தப் படிவத்திலும் இடம் கிடையாது.

இதன் விளைவைக் கொழும்பில் பார்க்கலாம். புறக்கோட்டைக் கடையில் வேலை செய்யும் நம் பையனிடம் எந்த ஊர் என்று கேட்டால் “பதுளை” என்பான். தோட்டத்துப் பெயர் வாயில் வராது. பதிவில் இலங்கைத் தமிழர் என்று எழுதிக்கொண்டவர்களும் நிறையப் பேர். நாட்டின் சனத்தொகையில் நம் பங்கு 2.8 வீதத்துக்கு இறங்கியதற்கு இந்தியா போனவர்கள் மட்டும் காரணமில்லை. இந்தக் கூச்சமும் ஒரு காரணம்.

நம் வாயையும் கழுவிக்கொள்ள வேண்டியிருக்கிறது. சிங்களத்தில் நம்மைப் ‘பற தெமளா’ என்று ஏசும்போது நெஞ்சு கொதிக்கிறதே, பக்கத்துக் கடை முஸ்லிமை ‘சோனி’ என்கிறோம், அதற்கு என்ன பதில்? லயத்துக்குள்ளேயே சாதிப் பெயர் சொல்லிப் பிள்ளைகளை அதட்டுகிறோமே, அதற்கு?

இந்தச் சபையின் தீர்மானங்களில் இரண்டு வரி சேர்க்கக் கேட்கிறேன். ஊவாவின் தமிழ்ப் பாடசாலை எதிலும் ஓர் ஆசிரியர் ‘தோட்டத்துப் புத்தி’ என்று ஒரு பிள்ளையைத் திட்டக்கூடாது. நம் வர்த்தகர்கள், கடைக்கு வரும் தோட்டத்துத் தாயை ‘வாங்கம்மா’ என்று அழைப்போம் என இந்த மேடையிலேயே உறுதி சொல்ல வேண்டும். முன்வரிசையில் முதலாளிமார் சிலர் இருக்கிறீர்கள். தயவுசெய்து முதலில் நீங்கள் எழுந்து சொல்லுங்கள்.