மாப்பிள்ளை வரும் கரை

(பட்டினச்சேரியில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



மாசி மகம் அணுகி வருகின்றது. அன்று திருக்கண்ணபுரத்துச் சௌரிராசப் பெருமாள் நம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுவார். பத்மினி நாச்சியார் நம் குலத்திலே தோன்றியவர் என்பது மரபாதலின், பெருமாளை நாம் 'மாப்பிள்ளைச் சாமி' என்றழைத்துத் தோளிற் சுமந்து வரவேற்கின்றோம். பிற ஊரார்க்கு அவர் பெருமாள். நமக்கோ வீட்டு மாப்பிள்ளை. இவ்வுரிமை எளிதிற் கிடைப்பதன்று.

நிற்க. சென்ற ஆண்டு நிகழ்ந்த ஒன்றை வெட்கத்தோடு கூறுகின்றேன். திருவிழா நாளில் நீர்மோர்ப் பந்தலை ஏற்று நடத்தியவன் அடியேன். பிளாஸ்டிக் எனப்படும் நெகிழியாலான குவளைகளைக் கட்டுக்கட்டாக வாங்கினேன். 2022 ஜூலை 1 முதல் இந்திய நாடு முழுவதும் அவை சட்டத்தால் விலக்கப்பட்டவை என்பதை அறிந்திருந்தும், கழுவும் வேலை இல்லை என்று கருதி வாங்கினேன். குடித்தவர்கள் மணலிலே போட்டுச் சென்றார்கள். மூன்றாம் நாள் காலை, கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஆத்தா ஒருவர், மீனோடு வந்த குவளை இரண்டை எடுத்துக் காட்டி, "வாத்தியாரே, மாப்பிள்ளைக்கு நாம வச்ச சீரு இதானா?" என்றார். இலக்கணமும் இலக்கியமும் கற்ற என்னிடம் அதற்கு விடை இல்லை. அன்று முதல் அடியேன் எண்ணியவற்றையே இன்று உங்கள் முன் வைக்கின்றேன்.

காளமேகப் புலவர் வெகுண்டு பாடத் திருமலைராயன்பட்டினத்திலே மண்மாரி பெய்தது என்பது நம் பக்கத்துக் கதை. இன்று அதற்குப் புலவர் வேண்டுவதில்லை. தெருவில் நாம் எறியும் பைகள் மழைநீரோடு வாய்க்காலிற் புகுந்து, ஆற்றிற் கலந்து, கடலைச் சேர்கின்றன. மண்ணாவது மண்ணோடு கலக்கும், நெகிழியோ மட்காது. வெயிலாலும் அலையாலும் துகள் துகளாக உடைந்து, மீனின் வயிற்றிற் புகும். மிதக்கும் பையைச் சொறி என்று கருதி விழுங்கிக் கடலாமை மடியும். கடல் நமக்கு வயலும் களஞ்சியமும் ஆகும். தன் களஞ்சியத்திற் குப்பை கொட்டும் உழவன் உண்டோ?

மாற்று யாது எனின், அது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டுவதன்று. நம் பாட்டியர் வீட்டிலே இருந்ததுதான். கடைக்குச் செல்லத் துணிப்பை. தமிழ்நாட்டரசு 2021 டிசம்பர் 23-இல் 'மீண்டும் மஞ்சப்பை' என்னும் இயக்கத்தைத் தொடங்கியதை அறிவீர்கள். பாத்திரம் துலக்கத் தேங்காய் நாரும் சாம்பலும், உடம்பு தேய்க்கப் பீர்க்கங்கூடு, தண்ணீர் குளிரப் பானை, சோறு பரிமாற வாழையிலை, பண்டம் வைக்கப் பனையோலைப் பெட்டி, படுக்கக் கோரைப்பாய். இவற்றுள் எதுவும் அரிதன்று; எதனாலும் கடலுக்குக் கேடில்லை.

"ஏழைகள் சிறிது சிறிதாகத்தானே வாங்க இயலும்? பொட்டலம் இல்லாவிடில் எங்ஙனம் வாங்குவது?" எனத் தாய்மார்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஷாம்பு முதலியவற்றைச் சிறு பொட்டலத்தில் விற்கும் முறைக்கு முன்னோடியாகக் கூறப்படுபவர், நமக்கு வடக்கே கடலூரில் வாழ்ந்த சின்னி கிருஷ்ணன். அவர் மகனார் சி. கே. ரங்கநாதன் 1983-இல் தொடங்கிய தொழில் அம்முறையாலேயே சிற்றூர்தோறும் பரவிற்று. செல்வர் வீட்டுப் பொருள் ஏழை கைக்கும் எட்டியது. அதனை அடியேன் பழியேன். ஆயினும் சிறிதாக வாங்கும் வழக்கம் அதற்கு முன்பே நம்மிடம் இருந்தது. கால்படி எண்ணெய்க்கு நாம் புட்டியைக் கொண்டு போனோம். அரைப்படி மோருக்குத் தூக்கைக் கொண்டு போனோம். சிறிது வாங்குவது குறையன்று. வெறுங்கையோடு போவதே குறை. தலைக்குச் சீயக்காய் அரைத்து டப்பாவில் வைத்துக்கொண்டால், மாதம் முழுதும் ஒரு பொட்டலமும் வேண்டா.

மீன் விற்கும் தாய்மார்களுக்கு ஒரு சொல். பை இல்லையெனில் வாங்குவோர் போய்விடுவர் என்னும் அச்சம் உங்களுக்கு உண்டு, அது பொய்யச்சமன்று. ஒருவர் மட்டும் பையை நிறுத்தினால் அவர்க்கே நட்டம். எல்லோரும் ஒரே நாளில் நிறுத்தினால் எவர்க்கும் நட்டமில்லை. பாத்திரம் கொண்டு வருவோர்க்கு ஒரு பிடி மீன் கூடுதலாகக் கொடுங்கள்; கொண்டு வராதோர்க்கு வாழையிலையிலோ தாமரையிலையிலோ கட்டிக் கொடுங்கள். இதற்குப் பஞ்சாயத்தின் கட்டுப்பாடு வேண்டும். தொழிலுக்குப் போகும் நாளையும் போகா நாளையும் கட்டுப்பாட்டால் நடத்தும் நமக்கு இஃது அரிதாகுமோ?

எல்லாவற்றையும் பழமைக்குத் திருப்பலாம் என்று அடியேன் கூறவில்லை. பருத்தி வலையைச் சாயமேற்றி, உலர்த்தி, காத்து வந்த காலம் கழிந்தது; நைலான் வலையை விடுதல் இயலாது. ஆயின் கிழிந்த வலையைக் கடலிலே வீசாமல் கரைக்குக் கொண்டு வருதல் இயலும். வீசிய வலை ஆளின்றியே மீனைக் கொல்லும். அம்மீன் எவர்க்கும் உதவாது அழியும்.

இனி, ஒரு வேண்டுகோள். வரும் மாசி மகத்தன்று நீர்மோர்ப் பந்தலுக்கு வீட்டுக்குப் பத்து எவர்சில்வர் டம்ளர் இரவல் தாருங்கள். கழுவும் வேலையை என் மாணவர்களோடு அடியேனே ஏற்றுக்கொள்கின்றேன். சென்ற ஆண்டுப் பிழைக்கு அதுவே கழுவாய். மாப்பிள்ளை வரும் நாளில் வாசலைப் பெருக்கிக் கோலமிடாத வீடு நம் தெருவில் இல்லை. நம் குலம் முழுமைக்கும் வாசல் இக்கடற்கரை அன்றோ? அந்த ஆத்தாவின் கேள்விக்கு இவ்வாண்டேனும் நாம் தலைநிமிர்ந்து விடை கூறுவோமாக.