மதிப்பெண்ணும் கிலோவும்



தலைமை உரை நீண்டால் முதல் அமர்வு சுருங்கும். எனவே ஒரு செய்தியை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். ஆக்குபேஷனல் தெரபி ஆய்வேடு எது கைக்கு வந்தாலும் நான் முதலில் புரட்டுவது அட்டவணைகளைத்தான். பெரும்பாலும் ஒரே காட்சி: பார்தெல் குறியீட்டின் சராசரி, பக்கத்தில் திட்ட விலக்கம், அடுத்து டி-சோதனை, கடைசியில் 0.05-க்குக் கீழே ஒரு பி மதிப்பு. கையில் இருப்பது எந்த வகை எண் என்று யாரும் கேட்டதற்கான தடயமே இருக்காது.

பார்தெல் குறியீடு 1965-இல் வெளியானது. பத்து அன்றாடச் செயல்கள், மொத்தம் 100. பக்கவாதத்திலிருந்து மீண்டுவரும் இருவர் ஆளுக்கு 50 வாங்கியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் தன் கையால் சோறு பிசைந்து சாப்பிடத் தொடங்குகிறார். அந்த வரியில் 0 போய் 10 வருகிறது. மற்றவருக்குச் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்புகிறது. அங்கும் 0 போய் 10. இப்போது இருவருக்கும் 60. கணினிக்கு வித்தியாசம் தெரியாது. படுக்கை விரிப்பைத் தினமும் துவைத்துப் போடும் மருமகளைக் கேளுங்கள், இரண்டும் ஒன்றா என்று! டைனமோமீட்டரில் கைப்பிடி வலிமையை அளந்தால் 10 கிலோவுக்கும் 15-க்கும் உள்ள இடைவெளிதான் 20-க்கும் 25-க்கும். பார்தெல் மதிப்பெண்ணுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. அது வரிசை அளவை. ஸ்டீவன்ஸ் 1946-இல் வகுத்த நான்கு அளவைகளைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்கிறோம், ஆய்வேட்டில் கோட்டை விடுகிறோம்.

வரிசை அளவைக்கு இடைநிலையும் கால்மான வீச்சும் போதும். அதே நோயாளிகளை முன்னும் பின்னும் ஒப்பிட 1945-லேயே வில்காக்சன் ஒரு சோதனை தந்திருக்கிறார். இத்தகைய மதிப்பெண்களுக்குச் சராசரி எடுத்தால் ஒன்றும் குடிமுழுகிவிடாது என்று வாதிடும் புள்ளியியலாளர்களும் உண்டு. ஆள் எண்ணிக்கை பெரிதாக இருந்தால் அதில் நியாயமும் உண்டு. நமக்குக் கிடைப்பதோ பதினைந்து, இருபது பேர். அவர்களில் நாலைந்து பேர் தொடக்கத்திலேயே 95-இல் நின்றால் மேலே ஏற அவர்களுக்கு 5 புள்ளிதான் மிச்சம். சராசரி இதை வெளியே காட்டாது.

ஆள் எண்ணிக்கை குறைவாக இருப்பது ஒன்றும் குற்றமல்ல. டி-சோதனையே கின்னஸ் மதுவாலையில் வேலை பார்த்த காசெட், சொற்ப அளவீடுகளை வைத்துக்கொண்டு முடிவெடுப்பதற்காக 1908-இல் கண்டதுதான்.

பி மதிப்பு பற்றி அதிகம் பேசப் போவதில்லை. விளைவு எவ்வளவு பெரியது என்பதை அது சொல்லாது என்று அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016-இல் அறிக்கையே வெளியிட்டுவிட்டது. விளைவின் அளவைப் பார்க்க ஓர் எடுத்துக்காட்டு: சி.ஓ.பி.எம். அளவையில் நோயாளியே தன் செயல்திறனை 1 முதல் 10 வரை மதிப்பிடுகிறார். 2 புள்ளி கூடினால் அதைப் பொருட்படுத்தத்தக்க மாற்றமாகக் கொள்வது வழக்கம். எத்தனை பேர் அந்த 2-ஐத் தாண்டினார்கள்? ஆய்வேட்டில் எனக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான்.

இன்று கட்டுரை படிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு நோயாளியின் முன், பின் மதிப்பெண்களையும் புள்ளிகளாக வரைந்து, கோடு இழுத்து, முதல் ஸ்லைடிலேயே போட்டுவிடுங்கள். யார் ஏறினார், யார் இறங்கினார், யார் நின்ற இடத்திலேயே நிற்கிறார் என்று அவையினர் பார்த்துக்கொள்ளட்டும். சோதனைகளைப் பிறகு பேசலாம். முதல் அமர்வின் தலைவரை மேடைக்கு அழைக்கிறேன்.