கேனிஸ்டர் ஃபில்டர்: வாங்குறதுக்கு முன்னாடி கரண்ட் கட்டை யோசிங்க

மீன் தொட்டி எபிசோடுக்கு அப்புறம் திரும்பத் திரும்ப வந்த கேள்வி இது: "மூணு அடி டேங்க் இருக்கு. கேனிஸ்டர் ஃபில்டர் வாங்கலாமா? வாங்கினா எது?" கேட்டவங்கள்ல நிறைய பேர் நம்ம மாங்காடு, பூந்தமல்லி, ஆவடி பக்கம். அதனால நம்ம ஏரியா தண்ணி, நம்ம ஏரியா கரண்ட், இது ரெண்டையும் மனசுல வச்சே பேசலாம்.

உள்ளே என்ன நடக்குது?

கேனிஸ்டர்ங்கிறது டேங்குக்குக் கீழ, ஸ்டாண்டுக்குள்ள வைக்கிற மூடின டப்பா. ஒரு குழாய்ல தண்ணி இறங்கி வருது. ஸ்பாஞ்ச், செராமிக் ரிங் எல்லாத்தையும் தாண்டினதும் மோட்டார் அதை மறுபடி மேல தள்ளுது. அழுக்கு பிடிக்கிறது இதோட சின்ன வேலைதான். பெரிய வேலை, பாக்டீரியாவுக்கு வீடு கொடுக்கிறது. மீன் கழிவுல இருந்து வர்ற அம்மோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டா மாத்தும். இன்னொரு வகை அதை நைட்ரேட்டா மாத்தும். முதல் ரெண்டும் மீனுக்கு விஷம். நைட்ரேட்டை மீன் ஓரளவு தாங்கும்; வாராவாரம் கொஞ்சம் தண்ணி மாத்தினா அதுவும் குறைஞ்சிடும்.

இந்த பாக்டீரியாவுக்கு எப்பவும் ஆக்சிஜன் வேணும். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசில தேவைப்படும்.

எந்த சைஸ்?

36-க்கு 15-க்கு 18 இஞ்ச் டேங்க்னா கணக்குப்படி சுமார் 159 லிட்டர். மணல், கல், மேல விடுற இடம் எல்லாம் கழிச்சா 130 லிட்டர்னு வச்சுக்கலாம். அந்தத் தண்ணி மணிக்கு நாலஞ்சு தடவை ஃபில்டர் வழியா சுத்தினா போதும். அதாவது 650 லிட்டர். ஆனா பெட்டி மேல போட்டிருக்கிற நம்பர், உள்ள மீடியா இல்லாம, தண்ணியை மேல ஏத்தாம எடுத்த நம்பரா இருக்கும். ஸ்பாஞ்ச் அழுக்காக ஆக அது இன்னும் இறங்கும். அதனால பெட்டில 1000 லிட்டர்னு போட்டது எடுங்க.

ரெண்டு மாடல் ஒரே வேகம்னா, மீடியா போடுற கூடை எதுல பெருசோ அதை வாங்குங்க. கொளத்தூர் கடைகளுக்கு நேர்ல போனா மூடியைக் கழட்டிப் பார்த்தே வாங்கலாம். வாஷர், இம்பெல்லர் மாதிரி ஸ்பேர் கிடைக்குமான்னும் அங்கேயே கேட்டுடுங்க.

மாட்டுறது எப்படி?

தண்ணி கீழேருந்து மேல போற மாடல்தான் நிறைய. அதுல அடியில முரட்டு ஸ்பாஞ்ச், நடுவுல செராமிக் ரிங், மேல பஞ்சு. தண்ணி வேற திசையில போனா வரிசையும் மாறும். முரட்டு ஸ்பாஞ்ச்தான் தண்ணியை முதல்ல சந்திக்கணும்.

மூடி வாஷர்ல சிலிக்கான் கிரீஸ் தடவுங்க. வாஸ்லின் வேண்டாம், ரப்பர் ஊதிப்போகும். டேங்க்ல தண்ணி இழுக்கிற குழாயோட வாயைத் தரையோட ஒட்டி வைக்காதீங்க. கீழ எங்கயாவது லீக் ஆனா, அந்த வாய் இருக்கிற மட்டம் வரைக்கும்தான் தண்ணி இறங்கும். மீனுக்குக் கொஞ்சமாவது மிஞ்சும்.

முதல்ல தண்ணியை நிரப்பி, டப்பாவைச் சாய்ச்சு காத்தை வெளிய விட்டுட்டு, அப்புறம்தான் சுவிட்ச். வயர் பிளக்குக்குக் கீழ தொங்கி வளைஞ்சு மேல ஏறணும். அப்பதான் வயர்ல வழியிற தண்ணி சாக்கெட்டுக்குப் போகாம கீழ சொட்டும்.

பழைய ஃபில்டரை உடனே கழட்டாதீங்க. புதுசுல பாக்டீரியா குடியேற ஒரு மாசத்துக்கு மேலயும் ஆகலாம். அதுவரைக்கும் ரெண்டும் ஓடட்டும். கழுவும்போது ஸ்பாஞ்சையும் ரிங்கையும் டேங்க்ல எடுத்த தண்ணிலயே அலசுங்க. குளோரின் போட்ட குழாய்த் தண்ணி பாக்டீரியாவைக் கொன்னுடும். நம்ம பக்கம் பல வீட்டு போர்ல உப்புத் தண்ணி. இம்பெல்லர்ல வெள்ளையா படிஞ்சா வினிகர்ல ஊறவச்சு, நல்லா கழுவி மாட்டுங்க.

கரண்ட் போனா?

பராமரிப்புப் பணின்னு காலைல 9 மணியில இருந்து மதியம் 2 வரைக்கும் கரண்ட் கட் அறிவிப்பு வருமே, அந்த அஞ்சு மணி நேரத்தை நினைச்சுப் பாருங்க. மூடின டப்பா. தண்ணி ஓடலை. உள்ள இருக்கிற ஆக்சிஜனை பாக்டீரியாவே தீர்த்துடும், அப்புறம் அதுவே சாக ஆரம்பிக்கும். டப்பாக்குள்ள தண்ணி அழுகும். 2 மணிக்கு கரண்ட் வந்ததும் மோட்டார் தானா ஸ்டார்ட் ஆகி, அந்தத் தண்ணியை நேரா மீன் மேல கொட்டும். நீங்க அப்ப ஆபீஸ்ல இருப்பீங்க.

எது ஹேங் ஆனாலும் ரீஸ்டார்ட் பண்றது நம்ம ஐ.டி. ஆளுங்களோட வழக்கம். இங்க அந்த ரீஸ்டார்ட்தான் மீனைக் கொல்லும்.

அதனால வீட்டுல இருக்கிறவங்ககிட்ட ஒரே ஒரு விஷயம் சொல்லி வைங்க: "அம்மா, கரண்ட் போய் ஒரு மணி நேரம் தாண்டிட்டா ஃபில்டர் சுவிட்சை ஆஃப் பண்ணிடுங்க." நீங்க வந்து குழாய் வால்வை மூடி, டப்பாவைத் திறந்து, உள்ள இருக்கிற தண்ணியைக் கீழ கொட்டி, மீடியாவை டேங்க் தண்ணில அலசிட்டு அப்புறம் ஓட விடுங்க. முன்னாடியே தெரிஞ்ச கட்னா, காலைலயே மீடியா கூடையை எடுத்து ஒரு பக்கெட் டேங்க் தண்ணில போட்டு, பேட்டரி ஏர் பம்ப் விட்டுட்டுக் கிளம்புங்க. டேங்க்குக்கும் ஒண்ணு.

இன்வெர்ட்டர் இருந்தா இன்னும் நிம்மதி. ஃபில்டர் 20 வாட்னா பத்து மணி நேரத்துக்கு 200 வாட்-அவர்தான். 12 வோல்ட், 150 ஏ.எச். பேட்டரியோட கொள்ளளவு 1800. ஆனா சைன் வேவ் இன்வெர்ட்டரா பாருங்க. ஸ்கொயர் வேவ்ல மோட்டார் உறுமும், சூடாகும். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வந்தப்போ சென்னையில பல இடத்துல நாள் கணக்குல கரண்ட் இல்லை. அந்த மாதிரி நேரத்துக்கு இன்வெர்ட்டரும் பத்தாது. அதனால மழைக்காலத்துக்கு முன்னாடியே ரெண்டு பேட்டரி ஏர் பம்ப் வாங்கி வைங்க. கரண்ட் வர்ற வரைக்கும் தீனியை நிறுத்திடுங்க. வளர்ந்த மீன் ரெண்டு மூணு நாள் தாங்கும்.

ஆகவே, கடையில காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கோங்க: அஞ்சு மணி நேரம் கரண்ட் போனா, நான் இல்லாதப்ப எங்க வீட்டுல யார் அந்த சுவிட்சை ஆஃப் பண்ணுவாங்க? பதில் இருந்தா தாராளமா கேனிஸ்டர் வாங்குங்க. இல்லைன்னா, சின்ன டேங்க்கா இருக்கிற வரைக்கும் ஏர் பம்ப்ல ஓடுற ஸ்பாஞ்ச் ஃபில்டரே உங்களுக்கு நல்லது.

உங்க டேங்க் அளவையும் கேள்வியையும் வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.