மாலை போட்ட மூணாம் நாள்

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

செஞ்சின்னு சொன்னா உங்கள்ல பாதிப் பேருக்கு ராஜகிரிதான் ஞாபகம் வரும். சனிக்கிழமை சென்னைல கிளம்பி, கோட்டை ஏறி, நாலு ரீல்ஸ் எடுத்துட்டு, அப்படியே பாண்டிச்சேரி. பாண்டிச்சேரி எதுக்குன்னு நான் சொல்ல வேண்டாம். எனக்கு செஞ்சி சொந்த ஊர். இன்னைக்குப் பேசப்போறது குடியைப் பத்தி. குடிச்சா கெடுதல்னு பாட்டில்லயே எழுதியிருக்கு, அதை நான் திரும்பச் சொல்லப் போறதில்ல. தினமும் குடிச்ச ஒருத்தர் திடீர்னு நிறுத்தினா உடம்புல என்ன நடக்கும்? அதுதான் விஷயம்.

எங்க மாமா செஞ்சி கமிட்டில மூட்டை தூக்குறவர். கமிட்டின்னா ஒழுங்குமுறை விற்பனைக் கூடம். நெல்லு, மணிலா எல்லாம் அங்கதான் வரும். இருபது வருஷமா தினமும் ரெண்டு குவார்ட்டர். ஆனா கார்த்திகை ஒண்ணாம் தேதி மாலை போட்டுட்டா ஒரு சொட்டு தொட மாட்டார். மலைக்குப் போயிட்டு வந்து மாலை கழட்டுற அன்னைக்கு சாயங்காலமே மறுபடி கடை வாசல்ல நிப்பார். எங்க வீட்டுல இதை ஒரு பெருமையாத்தான் பேசுவோம். "நெனச்சா நிறுத்திடுவார், மனசுல உறுதி இருக்கு"ன்னு.

ஒரு வருஷம் மாலை போட்ட ரெண்டாம் நாள் வலிப்பு வந்துச்சு. கையில சாவிக்கொத்தைத் திணிச்சாங்க. அது அடங்கினதும் எல்லாரும் சரியாயிடுச்சுன்னு நெனச்சாங்க. மூணாம் நாள் ராத்திரி தூக்கமே இல்ல. சுவத்துல பூச்சி ஊருதுன்னு தட்டிக்கிட்டே இருந்தார். அப்புறம் வீட்டுக்குள்ள நின்னுக்கிட்டு மூட்டை எண்ண ஆரம்பிச்சார். இல்லாத மூட்டையைத் தூக்குறார், இறக்குறார், எண்ணுறார். உடம்பெல்லாம் வேர்வை. அத்தை எனக்கு போன் பண்ணி அழுவுறாங்க: "மாமாவுக்கு யாரோ ஏதோ வச்சிட்டாங்கடா தம்பி. விடிஞ்சதும் மேல்மலையனூர் கூட்டிட்டுப் போறோம்."

மேல்மலையனூர் எங்க ஊருக்குப் பக்கம். அங்காளம்மன் கோயில். பேய் புடிச்சிருக்குன்னு நெனைக்கிறவங்களை அங்க கூட்டிட்டுப் போறது வழக்கம். நான் கோயிலைக் குறை சொல்லல. ஆனா அன்னைக்கு அந்த வண்டி கோயிலுக்குப் போயிருந்தா மாமா இருந்திருக்க மாட்டார். பக்கத்து வீட்டு நர்ஸ் அக்கா பார்த்துட்டு, "இது குடி நிறுத்தினதால வர்றது, 108ஐக் கூப்பிடுங்க"ன்னு சொன்னாங்க. முண்டியம்பாக்கம் மெடிக்கல் காலேஜ் எங்க ஊர்ல இருந்து சுமார் 40 கிலோமீட்டர்.

இதுக்கு டாக்டர்கள் வச்ச பேரு டெலீரியம் ட்ரெமன்ஸ். என்ன நடக்குதுன்னு சொல்றேன். மூளைக்கு ஒரு பிரேக் இருக்கு, ஒரு ஆக்சிலேட்டர் இருக்கு. காபா பிரேக், குளூட்டமேட் ஆக்சிலேட்டர்னு வச்சுக்குங்க. சாராயம் பிரேக்கை மிதிக்குது. அதனாலதான் குடிச்சா முதல்ல ஒரு நிம்மதி. தினமும் மிதிச்சா மூளை சும்மா இருக்குமா? தன்னோட பிரேக்கைத் தளர்த்திடும், ஆக்சிலேட்டரை ஏத்திடும். அப்பதான் குடிச்சபடியே வேலையும் பார்க்க முடியும். "எவ்வளவு குடிச்சாலும் ஸ்டெடியா இருப்பான்"னு நம்ம பாராட்டுறோமே, அது இதுதான். இப்போ ஒரே நாள்ல சாராயத்தை எடுத்துட்டா மிச்சம் இருக்குறது ஆக்சிலேட்டர் மட்டும்.

கடைசியா குடிச்சு ஆறு, எட்டு மணி நேரத்துல கை நடுக்கம், வேர்வை, படபடப்பு. ரெண்டு நாளுக்குள்ள வலிப்பு வரலாம். ரெண்டாம் நாள் முடிஞ்சு மூணாம் நாள் போல பிதற்றல், இல்லாதது கண்ணுக்குத் தெரியறது, காய்ச்சல், இதயம் தாறுமாறா அடிக்கிறது. சிகிச்சையே இல்லைன்னா இந்தக் கடைசிக் கட்டத்துல மூணுல ஒருத்தர் வரைக்கும் செத்துப் போன காலம் உண்டு. ஆஸ்பத்திரில வச்சுப் பார்த்தா பெரும்பாலும் பொழைச்சுக்குவாங்க.

எங்க வீட்டுல யாருக்கும் புரியாத கேள்வி ஒண்ணு இருந்துச்சு. முன்னாடியெல்லாம் மாலை போட்டா சும்மா கை நடுங்கும், அவ்வளவுதான். இந்தத் தடவை மட்டும் ஏன்? பதில் அந்த முன்னாடி வருஷங்கள்லதான் இருக்கு. நிறுத்தி, திரும்ப ஆரம்பிச்சு, திரும்ப நிறுத்தினா ஒவ்வொரு தடவையும் மூளை முன்னைவிட மோசமா எதிர்வினை காட்டும். போன வருஷம் ஒண்ணும் ஆகலைங்கறது இந்த வருஷத்துக்கு உத்தரவாதம் இல்ல. நாங்க பெருமையா பேசினோமே, அதுதான் படிப்படியா அவரை அங்க கொண்டு போய் விட்டிருக்கு.

சரி, யாருக்கு இது வரும்? வாரக் கடைசில ரெண்டு பீர் குடிக்கிறவங்க நாளைக்கே மாலை போடலாம், இது வராது. ஆனா கணக்கைக் கொஞ்சம் பாருங்க. குவார்ட்டர்னா 180 மில்லி. அதுல 42.8 சதவீதம் ஆல்கஹால். எடையில சுமார் 60 கிராம். 10 கிராமை ஒரு டிரிங்க்னு கணக்கு வச்சா, ஒரு குவார்ட்டர் ஆறு டிரிங்க். "ஒரு குவார்ட்டர்தானே"ன்னு சொல்றோம். 650 மில்லி ஸ்ட்ராங் பீர், 8 சதவீதம்னா, அது நாலு. மாமா தினமும் பன்னெண்டு. அதைவிட முக்கியமான அறிகுறி காலைல தெரியும். எழுந்ததும் கை நடுங்குது, ஒரு கட்டிங் போட்டாத்தான் நிக்குதுன்னா அவர் தானா நிறுத்தக்கூடாது. முன்னாடி நிறுத்தினப்போ வலிப்பு வந்திருந்தாலும் அப்படித்தான்.

2020 ஊரடங்கு ஞாபகம் இருக்கா? மார்ச் கடைசில டாஸ்மாக் மொத்தமா மூடினாங்க. திரும்பத் திறந்தது மே 7. கேரளாவுல அப்போ டாக்டர் சீட்டு இருந்தா மது கொடுக்கலாம்னு அரசாங்கம் உத்தரவு போட்டுச்சு. நம்ம வாட்ஸ்அப் குரூப்ல எல்லாம் ஒரே சிரிப்பு, மீம்ஸ். டாக்டர்களே எதிர்த்தாங்க, ஏப்ரல் 2ஆம் தேதி உயர்நீதிமன்றம் தடை போட்டுச்சு. அது சரியான தடைதான், ஏன்னா இதுக்கு மருந்து பிராந்தி இல்ல. ஆனா அந்த உத்தரவுக்குப் பின்னாடி இருந்த பிரச்சினை சிரிக்கிற விஷயம் இல்லைன்னு எனக்கு மாமாவைப் பார்த்தப்புறம்தான் உறைச்சுது.

மருந்து என்ன? டயஸிபாம், லோராஸிபாம் மாதிரி மாத்திரைகள். பிரேக் வேலையை அது தற்காலிகமா பார்த்துக்கும், சில நாள்ல டோஸைப் படிப்படியா குறைப்பாங்க. டாக்டர் கண்காணிப்புல மட்டும்தான். கூடவே தயமின், அதாவது பி1 ஊசி. ரொம்ப நாள் குடிச்சவங்க உடம்புல அது காலியா இருக்கும். நம்ம ஊர்ல உடனே "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க"ன்னு கேப்போம் இல்லையா, தயமின் இல்லாம வெறும் குளுக்கோஸ் ஏத்தினா அந்த ஆளுக்கு மூளை பாதிப்பு வரலாம். அதனால எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அவர் குடிக்கிறவர், எப்போ நிறுத்தினார்ங்கறதை மறைக்காம சொல்லுங்க. அத்தை முதல்ல சொல்லவே இல்ல. சாமி மாலை போட்டிருக்கார், குடிகாரர்னு எப்படிச் சொல்றதுன்னு.

இன்னொண்ணு. "குடிப்பவருக்குத் தெரியாமலே"ன்னு பஸ் ஸ்டாண்டு சுவர்ல போஸ்டர் பார்த்திருப்பீங்க. சாம்பார்ல கலந்து கொடுக்கச் சொல்லுவாங்க. அது டைசல்ஃபிரமா இருந்தா, தெரியாம மேல குடிச்சவருக்கு முகம் சிவந்து, வாந்தி வந்து, பிரஷர் இறங்கி உயிரே போகலாம். தயவுசெஞ்சு அம்மாகிட்ட இதைச் சொல்லிடுங்க.

போன் பண்ணணும்னா 104, இல்ல போதை மீட்புக்கான தேசிய எண் 14446. வலிப்பு, பிதற்றல்னா நேரா 108. வலிப்பு வரும்போது ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, வாயில எதையும் திணிக்காதீங்க. சாவிக்கொத்தால ஒரு பிரயோஜனமும் இல்ல.

மாமா அதுக்கப்புறமும் ரெண்டு தடவை குடிச்சார். மறைக்கல. இப்போ ஒன்றரை வருஷமா இல்ல. போன கார்த்திகைல மாலை போடுறதுக்கு முன்னாடி டாக்டரைப் பார்த்துட்டுத்தான் குருசாமிகிட்ட போனார். அந்த மூணு நாள் அவருக்கு சுத்தமா ஞாபகம் இல்ல. தீபாவளிக்குப் போயிருந்தப்போ கேட்டார்: "எத்தனை மூட்டைடா எண்ணினேன்?"

"நூத்தி பன்னெண்டு வரைக்கும் நான் போன்லயே கேட்டேன் மாமா."

"கூலி யாரு கொடுத்தா?"ன்னார்.