புதுக்கோட்டையும் பஹ்ரைனும்



பட்டம் வாங்கும் பிள்ளைகளிடம் கனவு காணுங்கள் என்று சொல்லிவிட்டுப் போவது இந்தப் பட்டமளிப்பு மேடையின் வழக்கம். அதை அடுத்த ஆண்டு வருபவர் சொல்லட்டும். நம் புதுக்கோட்டைப் பக்கம் அரிமளத்திலிருந்து அறந்தாங்கி வரை, வளைகுடாவுக்கு ஆள் போகாத தெரு குறைவு. உங்களில் சிலர் வீட்டிலும் விசா பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே அரபு நாடுகளில் மக்கள் தெருவுக்கு வந்தபோது ஜனநாயகம் பேசுகிற அரசுகள் என்ன செய்தன என்பதைப் பேசலாம் என்று வந்தேன்.

2010 டிசம்பர் 17. துனீசியாவின் சிதி பூசித் என்ற ஊர். முகமது பூஅசீசி தள்ளுவண்டியில் பழம் விற்பவர். நகராட்சி ஆட்கள் அவருடைய தராசைப் பறித்துக்கொண்டார்கள். ஆளுநர் அலுவலகத்தில் முறையிடப் போனார். யாரும் காது கொடுக்கவில்லை. அந்த வாசலிலேயே தீ வைத்துக்கொண்டார். மக்கள் தெருவுக்கு வந்தார்கள். ஒரு மாதம்கூட ஆகவில்லை, 23 ஆண்டு ஆண்ட பென் அலி விமானம் ஏறிவிட்டார். 2011 பிப்ரவரி 11 அன்று எகிப்தில் முபாரக்கும் விலகினார்.

கெய்ரோவில் கூட்டம் கூடிய முதல் நாள், எகிப்து அரசு உறுதியாகவே இருக்கிறது என்றார் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஹிலாரி கிளிண்டன். ஆண்டுக்கு 130 கோடி டாலர் ராணுவ உதவி வாங்கும் அரசு அது. கூட்டம் கலையாது என்று தெரிந்த பிறகுதான் வாஷிங்டனின் பேச்சு மாறியது. பஹ்ரைனில் அந்த அளவுக்குக்கூட மாறவில்லை. அமெரிக்காவின் ஐந்தாம் கப்பற்படைக்கு அங்கேதான் தளம். மார்ச் 14 அன்று அங்கே கிளர்ந்த மக்களை அடக்கச் சவுதிப் படைகள் பாலம் தாண்டி வந்தன. தலைநகர் மனாமாவில் மக்கள் கூடிய ரவுண்டானாவில் ஒரு நினைவுச் சின்னம் இருந்தது: ஆறு பாய்மரங்கள், உச்சியில் ஒரு முத்து. நான்கே நாளில் அதையும் இடித்துத் தள்ளினார்கள். இடிக்கும்போது தூண் சரிந்து கிரேன் ஓட்டுநர் ஒருவர் நசுங்கி இறந்தார். அவரும் பிழைக்க வந்த வெளிநாட்டுத் தொழிலாளிதான்.

இந்தக் கதை நமக்குப் புதிதல்ல. பஹ்ரைன் ஷேக்கும் நம் புதுக்கோட்டை ராஜா தொண்டைமானும் ஒரு காலத்தில் ஒரே வெள்ளைக்கார அரசின் நிழலில் இருந்தவர்கள். 1947 வரை வளைகுடா விவகாரங்களைக் கவனித்தது பிரிட்டிஷ் இந்திய அரசு. 1965 வரை பஹ்ரைன் கடைவீதியில் ரூபாய்தான் ஓடியது. ராஜா நீடிக்கலாம், ஆனால் தங்கள் சொல் நடக்க வேண்டும் என்பதே இரண்டு இடத்திலும் ஏற்பாடு. 1928-இல் புதுக்கோட்டைக்கு ஆறு வயதுச் சிறுவனை ராஜாவாகத் தேர்ந்தெடுத்ததும் அவர்கள்தான். 1931-இல் வரியை எதிர்த்து மக்கள் கிளர்ந்தார்கள், நகரம் கலவரமானது. சென்னை மாகாணத்தில் சட்டசபைத் தேர்தல் நடத்திக்கொண்டிருந்த அதே வெள்ளைக்காரர்கள் சமஸ்தானத்தில் யார் பக்கம் நின்றார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கிளர்ச்சியில் முன்னே நின்ற முத்துசாமி வல்லத்தரசுவை 1952-இல் அன்றைய புதுக்கோட்டைத் தொகுதி மக்களவைக்கு அனுப்பியது. அந்த ஓட்டை நமக்கு யாரும் கப்பலில் ஏற்றி அனுப்பவில்லை.

இனி டெல்லிக்கு வருகிறேன். 2005-இல் அமெரிக்காவோடு சேர்ந்து ஐ.நா. ஜனநாயக நிதிக்கு நாமும் ஒரு கோடி டாலர் கொடுத்தோம். ஆறு ஆண்டு கழித்துப் பாதுகாப்புச் சபையில் உட்கார்ந்திருந்தபோது சோதனை வந்தது. 2011 மார்ச் 17, லிபியாமீது 1973-ஆம் எண் தீர்மானம். ஆதரவு 10, எதிர்ப்பு இல்லை, இந்தியாவோடு பிரேசில், ரஷ்யா, சீனா, ஜெர்மனி ஐந்தும் ஒதுங்கி நின்றன. அதற்குள் 15,000-க்கும் மேற்பட்ட நம் ஆட்களைக் கப்பலிலும் விமானத்திலும் அங்கிருந்து கொண்டுவந்திருந்தோம். பெங்காசித் துறைமுகத்திலிருந்து 'ஸ்கோஷியா பிரின்ஸ்' கப்பல் அவர்களில் பலரை அலெக்சாண்டிரியாவில் கொண்டு சேர்த்தது.

அன்று ஒதுங்கி நின்றது சரி என்பது என் கருத்து. மக்களைக் காப்பாற்ற என்று தீர்மானம் சொன்னது. நேட்டோ விமானங்கள் ஆட்சியைக் கவிழ்க்கும் வரை ஓயவில்லை. லிபியாவை ஆண்ட கடாபி போனார், நாடு இரண்டு அரசுகளாகப் பிளந்தது. ஆனால் பஹ்ரைன் விஷயத்தில் நாம் வாய் திறக்காமல் இருந்ததற்குத் தலையிடாக் கொள்கை என்று பெயர் வைப்பதை நான் ஏற்கமாட்டேன். எண்ணெய் வேண்டும், நம் ஆட்களின் வேலை போகக்கூடாது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதை அதன் பெயரிலேயே சொல்லலாம் அல்லவா? சுயநலத்துக்குக் கொள்கைச் சாயம் பூசுவது வாஷிங்டன் செய்கிற வேலை. நாமும் அதைப் பழக வேண்டாம். 

வளைகுடா போகிறவர்களுக்கு ஒரு தகவல். அங்கே எத்தனை வருஷம் உழைத்தாலும் உங்களுக்கு ஓட்டு கிடையாது. இங்கே உண்டு. வெளிநாடுவாழ் இந்தியர்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்கும் சட்டத்திருத்தம் நடைமுறைக்கு வந்தது 2011 பிப்ரவரி 10, முபாரக் விலகியதற்கு முந்தின நாள். படிவம் 6ஏ நிரப்பிக் கொடுத்தால் பாஸ்போர்ட்டில் உள்ள ஊரில் பெயர் சேரும். ஆனால் ஓட்டுப்போட நேரில்தான் வந்து நிற்க வேண்டும். தபால் ஓட்டு இல்லை. துபாயிலிருந்து திருச்சிக்கு டிக்கெட் எடுத்து வந்து போடுகிறவர் எத்தனை பேர் இருப்பார்கள்? அதையும் மாற்றச் சொல்லி உங்கள் எம்.பி.யிடம் கேளுங்கள். விண்ணப்பம் எழுதத் தெரியாது என்று இனி நீங்கள் சொல்ல முடியாது, இப்போதுதான் பட்டம் வாங்கியிருக்கிறீர்கள்.